தடுப்பூசி போட்ட பிறகும் கோழிகளுக்கு வைரஸ் நோய் வந்தால்: புதியவர்களுக்கான வழிகாட்டி

அட்டவணையில் சொல்லப்பட்ட நாளில் சொல்லப்பட்ட மருந்தையே கொடுத்திருந்தும் நான்காவது வாரத்தில் கோழிகள் சோர்ந்து சாகத் தொடங்கினால், தொழிலுக்குப் புதிதாக வந்தவர் பெரும்பாலும் மருந்தைத்தான் சந்தேகிக்கிறார். அடுத்த பேட்சுக்கு வேறு நிறுவனத்தின் மருந்தை வாங்குகிறார், அல்லது இன்னும் வீரியமான ரகத்துக்கு மாறுகிறார், அல்லது கூடுதலாக ஒரு தவணையைச் சேர்க்கிறார். தடுப்பூசி தானாக எந்த வைரஸையும் தடுப்பதில்லை. அதை அடையாளம் கண்டு எதிர்ப்பொருளையும் எதிர்ப்பு அணுக்களையும் உருவாக்க வேண்டியது கோழியின் உடல்தான். அந்த வேலையைச் செய்யும் உறுப்புகள் ஏற்கெனவே சிதைந்து கிடந்தால், எந்த நிறுவனத்தின் மருந்தைக் கொடுத்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும். ஆகவே இன்னொரு தடுப்பூசியைச் சேர்ப்பதற்கு முன்னால், முன்பு கொடுத்தது ஏன் பலிக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதை எந்த வரிசையில் செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தொடங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. ஒன்றிரண்டு நாட்களுக்குள் இறப்பு திடீரெனப் பன்மடங்காக உயர்ந்தாலோ, கொண்டையும் தாடியும் நீலம் பாரித்து முகம் வீங்கிக் காணப்பட்டாலோ, பறவைக் காய்ச்சலாக இருக்கக்கூடும். அப்போது எந்தக் கோழியையும் நீங்களே அறுத்துப் பார்க்காமல், பண்ணையிலிருந்து எதையும் வெளியே அனுப்பாமல், அரசு கால்நடைத் துறைக்குத் தெரிவிப்பதே செய்ய வேண்டிய ஒரே வேலை.

எந்த வைரஸ் எதைச் சிதைக்கிறது

கோழியின் எதிர்ப்பாற்றலுக்கு இரண்டு முதன்மையான உறுப்புகள் உண்டு. எச்சத்துவாரத்துக்கு மேலே, மலக்குடலின் முதுகுப்புறத்தில் இருக்கும் பர்ஸா எனும் சிறு பையில் எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி அணுக்கள் முதிர்ச்சியடைகின்றன. கழுத்தின் இருபுறமும் சிறு சிறு மடல்களாக வரிசையாக இருக்கும் தைமஸில் டி அணுக்கள் முதிர்ச்சியடைகின்றன. பர்ஸாவுக்கும் எதிர்ப்பொருளுக்கும் உள்ள தொடர்பு 1956இல்தான் வெளியானது. பர்ஸா நீக்கப்பட்ட கோழிகளுக்கு நோய்க்கிருமியைச் செலுத்தியபோது அவற்றில் பெரும்பாலானவற்றின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகவில்லை என்பதைப் புரூஸ் கிளிக்கும் உடன் பணியாற்றியவர்களும் கண்டார்கள். பண்ணையில் கம்போரோ வைரஸ் செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுதான்.

கம்போரோ வைரஸ் பர்ஸாவில் உள்ள இளம் பி அணுக்களைத் தேடிச் சென்று அழிக்கிறது. மூன்று முதல் ஆறு வார வயதுக்குள் தாக்கினால் கோழிகள் சிலிர்த்து உட்கார்ந்து, வெண்மையான நீர்க்கழிச்சலுடன் சாகும். எனவே நோய் கண்ணுக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்பே தாக்கினாலோ வெளியே எதுவும் தெரியாமல் போகலாம், ஆனால் எதிர்ப்பாற்றல் சேதம் அப்போதுதான் மிகக் கடுமையாகவும் நீண்ட காலத்துக்கும் இருக்கும். கோழி சாகும் கம்போரோவைவிட, கோழி சாகாத கம்போரோவே புதியவரைக் கூடுதலாக ஏமாற்றுகிறது என்பது என் கருத்து. இரண்டு வாரத்தில் சத்தமில்லாமல் வந்துபோன அந்தத் தொற்றால், அதற்குப் பிறகு கொடுத்த ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல் நோய்) தடுப்பூசி பலிக்காமல் போகும். ஐந்தாவது வாரத்தில் வெள்ளைக்கழிச்சல் வரும்போது பழி ராணிக்கெட் மருந்தின் மீது விழும்.

இரண்டாவது, கோழி இரத்தசோகை வைரஸ். 1979இல் ஜப்பானில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட இந்த மிகச் சிறிய வைரஸ், தைமஸையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது. முட்டையிடும் காலத்தில் தாய்க்கோழிக்குத் தொற்று வந்தால் முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடும். அப்படி வந்த குஞ்சுகள் இரண்டு, மூன்று வார வயதில் வெளிறிப்போய், இறக்கை நுனிகளில் இரத்தம் கட்டி, தோல் அழுகிச் சாகின்றன. இரண்டு வார வயதைக் கடந்தபின் தொற்று வரும் குஞ்சுக்கு இந்நோய் பொதுவாக வெளியே தெரியும்படி வருவதில்லை. ஆனால் கம்போரோவும் சேர்ந்துகொண்டால் அந்த வயதுப் பாதுகாப்பு போய்விடுகிறது. ஒரு வைரஸ் கதவைத் திறந்து வைக்க இன்னொன்று நுழையும் இந்தக் கூட்டுதான் பண்ணைகளில் வழக்கமாக நடப்பது. தனியாக ஒரே ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தால் அது கிடைக்காது.

மூன்றாவது மேரக்ஸ். ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மரெக் 1907இல் விவரித்த இந்நோயை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ், நரம்புகளிலும் உள்ளுறுப்புகளிலும் கட்டியை ஏற்படுத்துவதற்கு வெகு முன்பே தைமஸையும் பர்ஸாவையும் தாக்கி எதிர்ப்பாற்றலைக் குறைத்துவிடும். மேரக்ஸ் தடுப்பூசியைப் பற்றி ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்: அது கட்டியையும் இறப்பையும் தடுக்கும், தொற்றைத் தடுக்காது. தடுப்பூசி போட்ட கோழியும் நோய் வைரஸைச் சுமந்து, இறகுத் தூசி வழியே வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். தடுப்பூசிக்குப் பலன் வர ஏறத்தாழ ஒரு வாரம் ஆவதால், அந்த முதல் வாரத்தில் குஞ்சு பழைய தூசியைச் சுவாசித்துவிட்டால் தடுப்பூசி பிந்திவிடும்.

இவற்றுக்கு அடுத்து ரியோ வைரஸ், அடினோ வைரஸ், லியூக்கோசிஸ் வகைகள் போன்றவையும் எதிர்ப்பாற்றலைக் குறைப்பவைதாம். வைரஸ் அல்லாத காரணங்களில் தீவனத்தின் பூஞ்சை நச்சு, கடும் வெப்பம், நெரிசல், அம்மோனியா ஆகியவை முக்கியமானவை. புதியவர் முதலில் கம்போரோவையும் இரத்தசோகையையும் மேரக்ஸையும் பூஞ்சை நச்சையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

முதற்படி: சந்தேகிக்க வேண்டிய அறிகுறிகளைப் பார்த்தல்

எதிர்ப்பாற்றல் குறைவுக்கு என்று தனி அடையாளம் கிடையாது. அது மற்ற நோய்களின் வடிவில்தான் தென்படும். உயிருள்ள ராணிக்கெட் அல்லது ஐ.பி. (மூச்சுக்குழாய் நோய்) தடுப்பூசி கொடுத்தபின் லேசான தும்மல் வருவது இயல்பு, அது சில நாட்களில் அடங்கிவிட வேண்டும். அடங்காமல் ஒரு கூட்டம் தேறும்போது இன்னொரு கூட்டம் தும்மத் தொடங்கி, அதன்மேல் ஈ.கோலி பாக்டீரியா ஏறி, காற்றுப்பைகளில் தயிர் போன்ற படிவுடன் கோழிகள் சாகுமானால் சந்தேகம் கொள்ள வேண்டும். மருந்து கொடுத்தும் இரத்தக்கழிச்சல் திரும்பத் திரும்ப வருவது, தோல் அழுகல், ஒரே வயதுக் கோழிகளில் எடை பெரிதும் ஏறி இறங்கி இருப்பது, நோய் எதுவும் கண்ணுக்குத் தெரியாமலே தீவன மாற்று விகிதம் (ஒரு கிலோ எடை கூடத் தின்னும் தீவனம்) கெடுவது ஆகியவையும் அவ்வாறே. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் வேறு விளக்கம் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்து, அதே கொட்டகையில் பேட்சுக்குப் பேட்ச் தொடர்ந்தால், அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

இரண்டாம் படி: நடந்தவற்றை நாள்வாரியாக எழுதுதல்

ஒரு தாளில் குஞ்சு இறக்கிய நாளிலிருந்து ஒவ்வொரு நாளின் இறப்பையும், கொடுத்த தடுப்பூசியின் பெயர், ரகம், பேட்ச் எண், காலாவதி நாள், கொடுத்த முறை, கொடுத்தவர் ஆகியவற்றையும், தீவன மூட்டை மாறிய நாளையும், வெயில் கடுமையாக இருந்த நாட்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். இறப்பு எந்த நாளில் ஏறத் தொடங்கியது என்பதை அறிந்து, அதிலிருந்து பின்னோக்கிப் பார்க்க வேண்டும். கம்போரோ தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய வெறும் இரண்டு மூன்று நாட்கள்தான் ஆகும். இறப்பும் ஒரு வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு அடங்கிவிடும். இழுத்துக்கொண்டே போகும் இறப்பு என்றால், அதற்கு அடியில் வேறொன்று இருக்கிறது.

அடுத்து, தடுப்பூசி கொடுக்கப்பட்டதா என்று கேட்காமல், ஒவ்வொரு கோழியின் உடலுக்குள்ளும் உயிரோடு போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். உயிருள்ள தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். எண்ணெய் கலந்த செயலிழந்த (வைரஸைக் கொன்று செய்த) தடுப்பூசியோ உறைந்துவிட்டால் கெட்டுப்போகும். குளிர்பெட்டியின் கதவில் வைத்திருந்தீர்களா, மின்தடை எவ்வளவு நேரம் இருந்தது, வாங்கி வந்த வழியில் பனிக்கட்டி உருகிவிட்டதா என்பவை அற்பக் கேள்விகள் அல்ல. மேரக்ஸ் தடுப்பூசியின் நிலை இன்னும் நுட்பமானது. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைக்கப்படும் அந்த ஆம்பூலை வெதுவெதுப்பான நீரில் விரைவாக உருக்கி, கலந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். இது பொரிப்பகத்தில் நடக்கும் வேலை என்பதால் நீங்கள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

குடிநீரில் கொடுப்பதுதான் பண்ணையாளரின் கையில் நேரடியாக இருப்பது, தவறுகள் கூடுதலாக நடப்பதும் அதில்தான். முதல் நாளே நீரில் குளோரின் கலப்பதை நிறுத்திவிட வேண்டும். குழாய்களைக் கிருமிநாசினி இல்லாத வெறும் நீரால் கழுவ வேண்டும். கொடுக்கும் நாளில் ஒரு லிட்டர் நீருக்கு சுமார் 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்து, 20 முதல் 30 நிமிடம் விட்டு வைத்தால், மிச்சமிருக்கும் குளோரினை அது கட்டிவிடும். பிறகு மருந்துக் குப்பியை நீருக்குள் அமிழ்த்தியே திறந்து கலக்க வேண்டும். கோழிகளுக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தாகம் எடுக்க விட்டு, வெயில் ஏறுவதற்கு முன், இரண்டு மணி நேரத்துக்குள் தீரும் அளவு நீரையே கொடுக்க வேண்டும். வெப்பக் காலத்தில் தாகத்துக்கு விடும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொட்டியில் கிடக்கும் மருந்தின் வீரியம் குறைந்துகொண்டே போகும். அரை மணி நேரத்திலேயே தீர்ந்துவிட்டால் வலுத்த கோழிகள் குடித்துவிட, ஒதுங்கி நிற்பவை குடிக்காமலே போகும்.

இதைக் கண்ணால் சரிபார்க்கலாம். தடுப்பூசிக்கென விற்கப்படும் நீலச் சாயத்தை நீரில் கலந்து கொடுத்து, குடித்து முடித்தவுடன் கொட்டகையின் நடுவிலிருந்தும் நான்கு மூலைகளிலிருந்தும் மொத்தம் நூறு கோழிகளைப் பிடித்து, அலகைத் திறந்து நாக்கைப் பாருங்கள். தொண்ணூறு கோழிகளுக்காவது நாக்கோ கழுத்தடியில் உள்ள தீனிப்பையோ நீலமாக இருக்க வேண்டும். நடுவில் எல்லாம் நீலமாகவும் கோடியில் உள்ள நிப்பிள் வரிசையருகே வெளிறியும் இருந்தால், குழாயின் கடைசிவரை மருந்து போகும் முன்பே பழைய நீரை வடித்து விடவில்லை என்று பொருள். தும்மல் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்குச் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இந்த இடைவெளியே போதுமான காரணம்: குடித்த கோழிகள் வெளியிடும் தடுப்பூசி வைரஸ், குடிக்காதவற்றைப் பிற்பாடு வந்து பிடிக்கிறது.

இந்தப் படியிலேயே பிழை வெளிப்பட்டுவிட்டால் எதிர்ப்பாற்றல் குறைவைத் தேட வேண்டிய அவசியம் இராது. முறை சரியாகவே இருந்தது என்று உறுதியான பின்னரே அடுத்ததற்குப் போக வேண்டும்.

மூன்றாம் படி: அறுத்துப் பார்த்தல்

இதைக் கால்நடை மருத்துவரின் அருகில் நின்று முதலில் கற்றுக்கொள்ளுங்கள். கையுறை, முகக்கவசம், கண்ணாடி இல்லாமல் தொடங்க வேண்டாம். ராணிக்கெட் வைரஸ், தடுப்பூசி ரகம் உட்பட, மனிதரின் கண்ணில் பட்டால் கண் சிவந்து வீங்கும். சில மணி நேரத்துக்கு முன் செத்த கோழிகளும், நோய்வாய்ப்பட்டுக் கழிக்கப்பட்டவையும், நலமாகத் தோன்றும் ஒன்றிரண்டும் கலந்து ஐந்தாறு கோழிகளையாவது பார்க்க வேண்டும். இரவே செத்து வீங்கிக் கிடக்கும் கோழியால் பயனில்லை.

கோழியை மல்லாக்கக் கிடத்தி வயிற்றைத் திறந்து, குடலைத் தலைப்பக்கமாகத் தூக்கிவிட்டால், மலக்குடல் முடியும் இடத்தில் முதுகெலும்பை ஒட்டி வெளிர்மஞ்சளான உருண்டை ஒன்று தெரியும். அதுதான் பர்ஸா. நான்கு வாரக் கறிக்கோழியில் ஏறத்தாழ ஒன்றரை முதல் 2 செ.மீ. விட்டம் இருக்கும். ஈரலுக்குக் கீழே உள்ள மண்ணீரலையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று முதல் ஐந்து வார வயதில் பர்ஸா மண்ணீரலைவிடத் தெளிவாகப் பெரியதாக இருக்க வேண்டும். பார்த்த கோழிகளில் பலவற்றில் அது மண்ணீரலைவிடச் சிறுத்திருந்தால் எங்கோ அடிபட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

சிறுத்திருப்பது மட்டும் சேதி அல்ல, நாள் கணக்கும் சேதி. கம்போரோ தொற்றிய மூன்றாம் நாளில் பர்ஸா நீர்கோத்து வீங்கும், மேலே மஞ்சளான கூழ்ப்படலம் படியும்; நான்காம் நாளில் எடை ஏறத்தாழ இரட்டிப்பாகும்; ஐந்தாம் நாளில் பழைய அளவுக்குத் திரும்பும்; எட்டாம் நாளுக்குள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே ஐந்தாம் நாளில் பார்ப்பவருக்கு அளவு இயல்பாகவே தோன்றும். கத்தியால் பிளந்து பாருங்கள்: நலமான பர்ஸாவின் உட்புறம் பாலாடை நிறத்தில், நீளவாக்கில் மடிப்பு மடிப்பாக, ஈரமாகப் பளபளக்கும். மடிப்புகள் தட்டையாகி இரத்தப் புள்ளிகளுடன் இருந்தாலோ, நடுவில் பாலாடைக்கட்டி போன்ற கெட்டி இருந்தாலோ அளவு எப்படியிருப்பினும் அது நலமானதல்ல. தொடைத் தசையிலும் மார்புத் தசையிலும் இரத்தக் கீறல்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சில வேறுபட்ட கம்போரோ ரகங்கள் வீக்கத்தையோ இரத்தக் கசிவையோ காட்டாமல் நேராகச் சுருக்கத்தையே உண்டாக்கும் என்பதால், இவை இல்லாதது கம்போரோ இல்லை என்பதற்குச் சான்றாகாது.

பிறகு கழுத்துத் தோலை உரித்து, இரு பக்கத்து இரத்தக் குழாய்களின் ஓரமாகத் தைமஸ் மடல்களைத் தேடுங்கள். இளங்குஞ்சில் பக்கத்துக்கு ஏழளவில் இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டியவை, தேடினாலும் கிடைக்காத அளவு சிறுத்திருந்தால் இரத்தசோகை வைரஸோ கடும் அயர்ச்சியோ பூஞ்சை நச்சோ காரணமாகலாம். இவற்றைப் பிரித்தறிய உதவுவது தொடை எலும்பு: நீளவாக்கில் பிளந்தால் மஜ்ஜை கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும், இரத்தசோகை நோயில் அது கொழுப்பு போல வெளிர்மஞ்சளாகிவிடும். வளர்ந்த கோழியானால் இரு தொடைகளின் உட்புறம் ஓடும் நரம்பையும் பார்த்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடித்துக் குறுக்குக்கோடுகள் மறைந்திருப்பது மேரக்ஸைக் காட்டும்.

நான்காம் படி: ஆய்வகத்துக்கு அனுப்புதலும் முடிவைப் படித்தலும்

பர்ஸா, தைமஸ், மண்ணீரல், மஜ்ஜையுடன் தொடை எலும்புத் துண்டு ஆகியவற்றை ஒரு செ.மீ.க்கு மேற்படாத கனத்தில் வெட்டி, பத்து மடங்கு அளவுள்ள 10 விழுக்காட்டு ஃபார்மலினில் இட்டு அனுப்பினால் திசு ஆய்வு செய்யலாம். வைரஸ் ரகத்தைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனைக்கு ஃபார்மலின் ஆகாது. அதற்கு அதே உறுப்பின் இன்னொரு துண்டைக் குளிரூட்டியோ ஆய்வகம் தரும் உலர் அட்டையில் ஒற்றியோ அனுப்ப வேண்டும். நோய் தொடங்கிய முதல் ஓரிரு நாட்களின் மாதிரியே பயன்தரும்.

இரத்தச் சீரம் ஒரு கொட்டகைக்கு ஏறத்தாழ 20 கோழிகளிடமிருந்து எடுக்கப்பட வேண்டும். அதில் ராணிக்கெட்டுக்கு ஹெச்.ஐ. சோதனையும், கம்போரோவுக்கு எலைசா சோதனையும் வழக்கம்; இரண்டும் எதிர்ப்பொருளை அளப்பவை. முடிவைப் படிக்கும்போது சராசரியைவிட அளவுகள் எப்படிச் சிதறியிருக்கின்றன என்பதுதான் முக்கியம். உதாரணத்துக்கு, ஹெச்.ஐ. டைட்டர் (எதிர்ப்பொருளின் அளவு) 2இன் அடுக்காகச் சொல்லப்படும். 20 கோழிகளில் பதினைந்து 6ஆம் அடுக்கிலும் ஐந்து 1ஆம் அடுக்கிலும் இருந்தால், ஒட்டுமொத்தச் சராசரி ஏறத்தாழ 4.75 என்று நன்றாகவே தோன்றும். ஆனால் நான்கில் ஒரு கோழி பாதுகாப்பின்றி நிற்கிறது. மருந்து போய்ச் சேரவில்லை என்பதன் வடிவம் இது. எல்லாக் கோழிகளுமே சீராகத் தாழ்வாக இருந்தால் மருந்து கெட்டிருக்கலாம் அல்லது எதிர்வினை ஆற்றும் திறன் உடலில் இல்லாமலிருக்கலாம். எதிர்பார்த்ததைவிட மிக உயர்ந்து சீராக இருந்தால் வெளி வைரஸ் வந்துபோயிருக்கிறது.

இங்கே ஒரு வினோதத்தை அறிந்திருக்க வேண்டும். கம்போரோவால் பி அணுக்களை இழந்த கோழி, பிற தடுப்பூசிகளுக்குச் சரியாக எதிர்ப்பொருள் உண்டாக்காது. ஆனால் கம்போரோ வைரஸுக்கு எதிராக மட்டும் நன்றாகவே உண்டாக்கும். எனவே ராணிக்கெட் டைட்டர் தாழ்ந்தும் கம்போரோ டைட்டர் உயர்ந்தும் ஒரே சீரத்தில் காணப்பட்டால், “கம்போரோ தடுப்பூசி நன்றாகப் பலித்திருக்கிறது” என்று மகிழ்வதற்கு முன், தடுப்பூசி கொடுப்பதற்கு முன்பே வெளி வைரஸ் வந்துவிட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மேரக்ஸும் இரத்தசோகையும் பெரும்பாலும் டி அணுக்களைக் கெடுப்பதால், அந்தச் சேதம் எதிர்ப்பொருள் சோதனையில் அகப்படாது. அங்கே உறுப்புகளையே நம்ப வேண்டும்.

நோய் நேரத்தில் ஒரு முறையும் இரண்டு, மூன்று வாரம் கழித்து ஒரு முறையும் எடுத்த இணைச் சீரங்களே எது ஏறியது என்று காட்டும். ஒற்றைச் சீரத்தை வைத்து முடிவு சொல்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

இருக்கும் கோழிகளுக்குச் செய்யக்கூடியது

இவ்வைரஸ்களுக்கு நேரடி மருந்து கிடையாது. சிதைந்த பர்ஸாவை எந்த டானிக்கும் திருப்பித் தராது; “இம்யூனிட்டி பூஸ்டர்” என்று விற்கப்படுபவற்றை நான் இந்த இடத்தில் பரிந்துரைக்க மாட்டேன். வெப்பத்தைக் குறைத்தல், நெரிசலைத் தளர்த்தல், தூய நீர், உலர்ந்த கூளம், இவையே உண்மையான உதவி. ஈ.கோலி போன்ற பின்தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டால், எது வேலை செய்யும் என்று சோதித்தபின் மருத்துவர் எழுதிக் கொடுப்பதைத்தான் கொடுக்க வேண்டும். விற்பனைக்கு முந்தைய மருந்து நிறுத்த நாட்களையும் கடைப்பிடிக்க வேண்டும். கம்போரோவில் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருப்பதால் சல்ஃபா மருந்துகளைத் தாமாகக் கொடுப்பது ஆபத்து. நோயின் நடுவில் உயிருள்ள தடுப்பூசியை மீண்டும் கொடுப்பதா என்பது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

ஐந்தாம் படி: அடுத்த பேட்சுக்கு நாளைக் கணக்கிடுதல்

கம்போரோ தடுப்பூசி தவறுவதற்கு மிகப் பெரிய காரணம் நாள். தாய்க்கோழி கொடுத்த எதிர்ப்பொருள் குஞ்சின் இரத்தத்தில் இருக்கும்வரை அது வெளி வைரஸைத் தடுக்கும், தடுப்பூசி வைரஸையும் அழித்துவிடும். அது குறைந்துவிட்டாலோ வெளி வைரஸ் நுழைய வழி திறந்துவிடும். இடையில் இருக்கும் சில நாட்களைப் பிடிப்பதுதான் கலை. கறிக்கோழியில் இந்த எதிர்ப்பொருள் ஏறத்தாழ 3 நாளுக்கு ஒரு முறையும், முட்டைக்கோழியில் ஏறத்தாழ 5.5 நாளுக்கு ஒரு முறையும் பாதியாகக் குறைகிறது. டெவென்டர் சூத்திரம் என்று வழங்கும் கணக்கு இதை வைத்துத்தான் செய்யப்படுகிறது.

நான்காம் நாள் எடுத்த சீரத்தில் எலைசா டைட்டர் 4000 என்று வைத்துக்கொள்வோம். இன்டர்மீடியட் பிளஸ் எனும் வீரியம் கூடிய ரகத் தடுப்பூசி ஏறத்தாழ 500 வரை உள்ள எதிர்ப்பொருளையும், இன்டர்மீடியட் எனும் நடுத்தர ரகம் ஏறத்தாழ 125 வரை உள்ளதையும் மீறி வேலை செய்யும் என்பது வழக்கமான அளவு. 4000 என்பது 500 ஆக மூன்று முறை பாதியாக வேண்டும். கறிக்கோழிக்கு 9 நாள். ஆக 13ஆம் நாள் இன்டர்மீடியட் பிளஸ் கொடுக்கலாம். 125 ஆக ஐந்து முறை பாதியாக வேண்டும். 15 நாள், ஆக 19ஆம் நாள்தான் இன்டர்மீடியட். அதே டைட்டர் முட்டைக்கோழிக் குஞ்சில் இருந்தால் முறையே ஏறத்தாழ 21ஆம் நாளும் 32ஆம் நாளும் வரும். வேறொரு பண்ணையின் அட்டவணையை அப்படியே நகலெடுப்பது ஏன் பிழைபடுகிறது என்பது இந்த வேறுபாட்டிலேயே தெரிந்துவிடும். எலைசா கிட்டைப் பொறுத்து இந்த எண்கள் மாறும் என்பதால், எந்தக் கிட்டில் சோதித்தீர்கள் என்று கேட்டே கணக்கிட வேண்டும். சராசரிக்குப் பதிலாக நான்கில் மூன்று கோழிகளாவது அந்த அளவுக்கு இறங்கும் நாளைக் குறித்துக்கொள்வது நல்லது. பல தாய்க்கோழிக் கூட்டங்களின் குஞ்சுகள் கலந்து வந்து, டைட்டர் சிதறியிருந்தால் இரண்டு தவணையாகக் கொடுக்க நேரும்.

நாளை முன்னே தள்ள வேண்டும் என்பதற்காக மிக வீரியமான ரகத்துக்கு மாறுவதில் ஒரு விலை உண்டு: அந்த ரகங்கள் பர்ஸாவைத் தாங்களே ஓரளவு சிதைக்கின்றன, எதிர்ப்பொருள் இல்லாத குஞ்சில் கொடுத்தால் கூடுதலாகவே சிதைக்கும். வெளியே கடுமையான கம்போரோ சுற்றும் இடத்தில் மட்டுமே அது நியாயம். பொரிப்பகத்திலேயே போடப்படும் வெக்டார் தடுப்பூசிகளும் (கம்போரோ வைரஸின் ஒரு பகுதியை வேறொரு வைரஸுக்குள் பொருத்தியவை) எதிர்ப்பொருளோடு பிணைத்த வகைகளும் தாய்வழி எதிர்ப்பொருளால் பெரிதும் தடைபடுவதில்லை என்பதால் நாள் கணக்கின் சுமையைக் குறைக்கின்றன. ஆனால் ஹெச்.வி.டி. எனும் வான்கோழி ஹெர்பிஸ் வைரஸில் உருவாக்கிய இரண்டு வெக்டார் தடுப்பூசிகளை ஒன்றாகப் போட்டால், ஒன்று மற்றதன் பலனைக் கெடுக்கும்.

கொட்டகையையும் தீவனத்தையும் சரிசெய்தல்

கம்போரோ வைரஸுக்கு வெளியுறை இல்லாததால் அது மிகவும் உறுதியானது. கோழிகளை எடுத்த பிறகும் 122 நாள் வரை கொட்டகையில் தொற்றும் திறனோடு இருந்தது பதிவாகியுள்ளது. சாதாரண அம்மோனியச் சேர்மக் கிருமிநாசினிகள் அதற்குப் போதாது. குளூட்டரால்டிஹைடு, ஃபார்மலின், அயோடின் வகைகளே பயன்படும். அழுக்கின் மேல் தெளித்தால் எதுவும் பயன்படாது. எனவே கூளத்தை முழுதாக அகற்றி, கூரைத் தூசி வரை பெருக்கி, சோப்புக் கரைசலால் கழுவி, உலர விட்டு, அதன்பிறகே தெளிக்க வேண்டும். கூளத்தில் வாழும் கறுப்பு வண்டுகளும் வைரஸைச் சுமப்பவை. கோழிகளை எடுத்து கொட்டகை குளிர்ந்ததும் அவை சுவர் இடுக்குகளுக்குள் போய்விடும், ஆகவே பூச்சிமருந்தைக் கோழி போன அன்றே, கூளத்தின் சூடு ஆறும் முன் அடிக்க வேண்டும். வெவ்வேறு வயதுக் கோழிகளை ஒரே வளாகத்தில் வைத்திருக்கும்வரை மேரக்ஸ் தூசி நீங்காது.

தீவனத்தில், ஈரம் 14 விழுக்காட்டைத் தாண்டிய மக்காச்சோளமும் உடைந்த மணிகளும் அஃப்ளாடாக்சின் எனும் பூஞ்சை நச்சுக்கு இடம் தரும். பார்வைக்குப் பூஞ்சை தெரியாமலும் நச்சு இருக்கலாம் என்பதால் சோதனைதான் வழி. தீவனத்தில் கலக்கும் களிமண் வகை பைண்டர் (நச்சைப் பிடித்துவைக்கும் பொருள்) அஃப்ளாடாக்சினை நன்றாகக் கட்டும், டி-2 போன்ற நச்சுகளை அவ்வாறு கட்டாது. கொட்டகையின் அம்மோனியாவை நிற்கும் உயரத்தில் முகர்ந்து முடிவு செய்யாமல், குஞ்சின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். நாள்தோறும் உள்ளே நடமாடுபவரின் மூக்கு பழகிப்போயிருக்கும் என்பதால் வெளியாள் ஒருவரையும் பார்க்கச் சொல்லலாம். 25 பி.பி.எம்.ஐத் தாண்டினால் மூச்சுக்குழாயின் உட்பூச்சு சேதமாகி, தெளிப்பு முறைத் தடுப்பூசிக்குத் தும்மல் கடுமையாகும்.

கடைசியாக, குஞ்சு வாங்கும் இடத்தில் மூன்று கேள்விகள்: தாய்க்கோழிகளுக்கு இரத்தசோகைத் தடுப்பூசி முட்டையிடத் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே போடப்பட்டதா, கம்போரோவுக்குச் செயலிழந்த தடுப்பூசி கடைசியாக எப்போது போடப்பட்டது, மேரக்ஸுக்கு எந்த ரகம் எத்தனை டோஸ் அளவில் போடப்படுகிறது. பதில்களைத் தேதியுடன் பேட்ச் பதிவேட்டில் எழுதிவையுங்கள். அந்தப் பேட்ச் முடியும் வாரத்தில் மீண்டும் 20 சீரம் எடுத்து, முன்பு அனுப்பிய அதே ஆய்வகத்துக்கு, அதே கிட்டில் சோதிக்கச் சொல்லி அனுப்புங்கள். வேறு கிட்டின் எண்ணோடு பழைய எண்ணை ஒப்பிட முடியாது.